கேள்விக்குறிகளாகிப்போன வயல்கள்

பழனிசெட்டிபட்டியில் நான் தட்டச்சுப் பயிலகம் நடத்திய கட்டடத்தில் இப்போது ஒரு கைப்பேசிக் கடை இருக்கிறது. பயிலகத்தை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும், 'எழுத்து தெரியவில்லை', 'கோப்பு திறக்கவில்லை' என்று யாராவது ஒருவர் பென் டிரைவோடு என் வீட்டு வாசலுக்கு வருவது இன்னும் நிற்கவில்லை. சென்ற மாதம் அப்படி வந்தவர், எங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த ஓர் ஆசிரியரின் மகள். என்னிடம் தட்டச்சு பயின்றவர்.

அந்த ஆசிரியர் ஓய்வுபெற்ற பின் ஒரு வேலையைத் தாமாகவே மேற்கொண்டார். முல்லையாற்றை ஒட்டிய வயல்களுக்கும் மடைகளுக்கும் கிணறுகளுக்கும் மக்கள் வழங்கிவந்த பெயர்களை வீடுவீடாகச் சென்று கேட்டுக் குறித்துவைத்தார். அரசு ஆவணத்தில் வயலுக்குப் புல எண் உண்டு. பெயர் உழுதவர் வாயில்தான் உண்டு. தேனியைச் சுற்றி வயல்கள் வீட்டுமனைகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. வயல் போனால் பெயரும் உடன் போய்விடும் என்று அவர் அஞ்சினார். 2002-இல் அவர் குறிப்பேட்டைப் பார்த்து வாசிக்க, பயிலகத்துக் கணினியில் நான் தட்டச்சிட்டேன். மூன்று கோப்புகள் ஆயின. 2011-இல், பழைய கணினியைக் கழிக்கும் முன், அவற்றைப் புதிய முறைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மூல நோட்டின் பெரும்பகுதியைப் பிற்பாடு கரையான் தின்றுவிட்டது.

"மூணுமே ஏதேதோ காட்டுது சார். அப்பா எழுதினதெல்லாம் போயிருச்சா?" என்று கேட்டார் மகள்.

உடனே பதில் சொல்லவில்லை. திரையில் தெரிவதை மட்டும் வைத்து ஒரு கோப்பு உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிட முடியாது என்பது இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது. மூன்றையும் என் கணினியில் நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்வது, அறுவை மருத்துவர் கை கழுவுவதைப் போன்ற வழக்கம். ஒருநாளும் விடக் கூடாது. பிறகு நிரல் திருத்தியைத் திறந்தேன்.

நிரல் திருத்தி என்பது 'கோட் எடிட்டர்' என்று பொறியியல் மாணவர்கள் சொல்லும் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்ட 'விஷுவல் ஸ்டுடியோ கோட்', 2003 முதல் புழக்கத்திலுள்ள 'நோட்பேட் பிளஸ் பிளஸ்' ஆகியவை பலரும் அறிந்தவை. இரண்டும் இலவசம். நிரல் எழுதுவோருக்காகச் செய்யப்பட்டவை என்றாலும், என் போன்றோருக்கு அவை வேறொரு காரணத்தால் பயன்படுகின்றன. 'வேர்டு' போன்ற மென்பொருள் ஒரு கோப்புக்கு உடை உடுத்தி, பொட்டு வைத்து நம்முன் நிறுத்தும். நிரல் திருத்தி அலங்காரம் எதுவும் செய்வதில்லை. உள்ளே இருப்பதை அப்படியே எழுத்தாகக் காட்ட முயலும். முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லிவிடும்.

அது எந்தெந்தக் கோப்புகளைத் திறக்கும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கோப்புப் பெயரின் வாலைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் இரண்டு, மூன்று எழுத்துகளைச் சொல்கிறேன். அந்த வால் வெறும் சீட்டு. போடியில் ஏலக்காய் மூட்டையின் மேல் முதல் ரகம் என்று எழுதியிருப்பதால் உள்ளே முதல் ரகம் இருந்துவிடாது. வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். கோப்புக்குள் கைவிட்டு அள்ளும் முதல் பிடி, அதன் தொடக்கத்தில் உள்ள சில எழுத்துகள்.

கணினிக்குள் எல்லாமே 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசைதான். ஒவ்வோர் எண்ணையும் பைட் என்கிறோம். அந்த எண்கள் எழுத்துகளைக் குறித்தால் அது எழுத்துக் கோப்பு. வலைப்பக்கத்தின் எச்டிஎம்எல், பைத்தான் நிரல், ஜேசான், எக்ஸ்எம்எல், காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி, திரைப்படத் துணைத்தலைப்புக்கான எஸ்ஆர்டி, சாதாரண டிஎக்ஸ்டி எல்லாம் இந்த வகை. வால் எதுவானாலும் நிரல் திருத்தி இவற்றைத் திறந்துவிடும். எஸ்விஜி என்ற பட வகைகூட உள்ளே எழுத்துதான். ஒரு வட்டத்தின் ஆரத்தை நிரல் திருத்தியில் திருத்தினால் படத்தில் வட்டம் பெருக்கும். ஒளிப்படம், பாடல், காணொலி, பேஜ்மேக்கர் கோப்பு, பழைய வேர்டு கோப்பு ஆகியவற்றில் எண்கள் எழுத்தைக் குறிப்பதில்லை. அவற்றைத் திறக்க முயன்றால், 'இது எழுத்துக் கோப்பன்று, அல்லது எனக்குத் தெரியாத குறியாக்கத்தில் இருக்கிறது' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வரும். அதையும் மீறித் திறந்து பார்க்கலாம். பார்க்கலாம், அவ்வளவுதான். அங்கே 'சேமி' என்ற கட்டளைக்கு வேலையில்லை.

இப்படி எட்டிப் பார்ப்பதாலும் சில நேரம் பயனுண்டு. இன்றைய வேர்டு கோப்பொன்றை நிரல் திருத்தியில் வலிந்து திறந்தால், முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கிலத்தில் 'பிகே' என்றிருக்கும். 1989-இல் 'ஜிப்' என்ற பொதிமுறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயர்முதல் எழுத்துகள் அவை. வேர்டு கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை என்பது இதனால் தெரிகிறது. நகலின் வாலை ஜிப் என்று மாற்றி அவிழ்த்தால், உள்ளே எழுத்து முழுவதும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். அச்சகத்துக்குப் போகவேண்டிய நாளில் வேர்டு திறக்க மறுத்த ஒரு திருமண அழைப்பிதழை இந்த வழியில் மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆசிரியரின் முதல் கோப்புக்கு வாலே இல்லை. அந்தக் காலத்தில் பெயர் மட்டும் கொடுத்துச் சேமிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. மகள் எதையோ தேர்ந்தெடுத்திருக்கிறார். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்திருக்கின்றன. நிரல் திருத்தியில் திறந்ததும் முதல் வரியிலேயே ஓர் அடைப்புக்குறி, பின்சாய்கோடு, தொடர்ந்து 'ஆர்டிஎஃப்' என்ற எழுத்துகள். கோப்பின் வகை தெரிந்துவிட்டது. எழுத்தின் அளவு, தடிமன், எழுத்துரு எல்லாவற்றையும் வெளிப்படையான எழுத்துகளாலேயே குறித்துவைக்கும் பழைய முறை அது. அடுத்த சில வரிகளில் எழுத்துருப் பட்டியல் இருந்தது. அதில் 'பாமினி' என்ற பெயரைக் கண்டபோது, தொலைந்த உறவினரைத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்ததுபோல் இருந்தது.

பாமினியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஈழத்தமிழரிடையேயும் இங்கும் பரவலாக வழங்கிய எழுத்துரு அது. அதில் கணினியைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களையே சேமித்துவிட்டு, அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்துகொண்டார்கள். 'தமிழ்' என்று நாம் எழுதினால் கோப்பில் பதிவது 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி'. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பை தெரியும். பாமினியின் விசையமைப்பு பெரிதும் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியைத் தழுவியது. இடக்கை விரல்களுக்கு 'ய, ள, ன, க' என்று பாடம் நடத்தியவனுக்கு அந்தக் குப்பையைப் படிக்க எழுத்துருவே தேவையில்லை. விரல்கள் படித்துவிடும். திரையைப் பார்த்தபடி மேசைமேல் விரலோட்டி, முதல் பத்தியை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அழுதுவிட்டார்.

பாமினி ஒன்றுதானா? 1990-களில் தமிழ் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைத் தத்தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டனர். இணையத்தில் கூடிப் பேசிய ஆர்வலர்கள் 'டிஸ்கி' என்ற பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற இரண்டை முன்வைத்தது. இன்று பலரும் பயன்படுத்தும் தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததே. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால், வீட்டுக் கணினிகளும் அச்சக மென்பொருள்களும் ஒருங்குறித் தமிழை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2010 ஜூனில்தான் ஒருங்குறியையும், 'டேஸ்16' என்ற பதினாறு பிட் முறையையும் தமிழக அரசு தன் தரமாக அறிவித்து ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான தமிழ், பல எழுத்துருக்களின் பெயரில் சிதறிக் கிடக்கிறது.

மாற்றித் தரும் கருவிகள் உண்டு. சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்', சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட 'என்எச்எம் கன்வர்ட்டர்' ஆகியவற்றால் பயன்பெற்றோர் ஏராளம். லினக்ஸ் கணினிகளில் உள்ள 'ஐகான்வ்' என்ற கட்டளைக்கு டிஸ்கி தெரியும். நிரல் திருத்திகளின் குறியாக்கப் பட்டியலில் டிஸ்கியோ பாமினியோ பொதுவாக இருப்பதில்லை என்பதால், திருத்தியில் பார்த்து நோயை அறிந்து, மருந்துக்கு இந்தக் கருவிகளிடம் போக வேண்டும். ஆனால், எந்தக் கருவியும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இது எந்த எழுத்துரு? அதற்குப் பதில் தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டியதுதான்.

மாற்றியபின்னும் வேலை முடிவதில்லை. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது தட்டச்சுப் பொறியைப் போலவே ஒற்றைக்கொம்பு, 'க', துணைக்கால் என்ற வரிசையில் பதிவாகும். ஒருங்குறியில் 'க' முதலில், உயிர்க்குறி பின்னால். இந்த இடமாற்றத்தில் கருவி அவ்வப்போது தடுக்கி விழும். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர' நிற்கும். 'ஔ' என்பது 'ஒ', 'ள' என்று இரண்டாக உடைந்து, பிறகு 'ஔவை'யைத் தேடினால் அகப்படாது. ஆசிரியரின் கோப்பில் ஆங்கிலத்தில் இருந்த பொதுப்பணித் துறையின் சுருக்கப் பெயரையும் கருவி தமிழென்று எண்ணி மாற்றிப் பொருளற்ற சொல்லாக்கிவிட்டது. ஆர்டிஎஃப் மூலத்தில் எந்த இடத்தில் எழுத்துரு மாறுகிறது என்ற குறிப்பு இருந்ததால் அதைச் சரிசெய்ய முடிந்தது. மாற்றிய பிறகும் மூலத்தை அழிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இரண்டாவது கோப்பு கிணறுகளின் அட்டவணை. சிஎஸ்வி என்ற வால் சரியாகவே இருந்தது. மகள் இருமுறை சொடுக்கியதும் அது எக்செலில் திறந்திருக்கிறது. தலைமேல் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', மீண்டும் அதே 'ஏ', மீண்டும் அதே வட்டம் என்று திரை நிறைந்திருக்கிறது. இதைப் பார்த்து மனம் உடையும் பலரைக் கண்டிருக்கிறேன். எனக்கோ இதைப் பார்த்தால் நிம்மதி. இது தமிழ் நலமாக இருக்கிறது என்பதன் அறிகுறி.

காரணத்தைச் சொல்கிறேன். ஒருங்குறியில் 'த' என்ற எழுத்தின் எண் 2980. 255-க்கு மேற்பட்ட எண் ஒரு பைட்டில் அடங்காது. அதற்காக 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த முறைதான் 'யூடிஎஃப்-8'. அதன்படி 'த' என்பது 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகளாகப் பதிவாகும். தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. மேலை ஐரோப்பியக் குறியாக்கத்தில் 224 என்றால் சாய்கோடிட்ட 'ஏ'. 174 என்றால் வட்டத்துக்குள் 'ஆர்'. ஆக, இந்த இரண்டும் மாறிமாறி வந்தால், யூடிஎஃப்-8 தமிழை ஏதோ ஒரு மென்பொருள் ஐரோப்பிய மொழி என்று நினைத்துப் படிக்கிறது என்று பொருள். பிழை படிப்பவரிடம், எழுதப்பட்டதில் இல்லை.

நிரல் திருத்தியில் அதே கோப்பைத் திறந்ததும் கிணறுகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. விஷுவல் ஸ்டுடியோ கோட் எதையும் முதலில் யூடிஎஃப்-8 என்றே கருதிப் படிக்கும். தவறாகப் படித்தாலும் கவலையில்லை. வலப்பக்கக் கீழ் மூலையில் குறியாக்கத்தின் பெயர் இருக்கும். அதைச் சொடுக்கினால் 'ரீஓப்பன் வித் என்கோடிங்', 'சேவ் வித் என்கோடிங்' என்று இரண்டு வழிகள் வரும். முன்னது, அதே பைட்டுகளை வேறு கண்ணாடி போட்டுப் படிப்பது. கோப்பில் ஒன்றும் மாறாது. பின்னது, பைட்டுகளையே மாற்றி எழுதுவது. நோட்பேட் பிளஸ் பிளஸிலும் இப்படி இரண்டு உண்டு. 'கன்வர்ட்' என்று தொடங்குபவை மாற்றி எழுதுபவை. சரியாகத் தெரிவதற்கு முன்பே மாற்றி எழுதும் வழியில் கைவைத்தால் குப்பை நிரந்தரமாகிவிடும். என்னிடம் வரும் கோப்புகளில் சரிபாதி, இப்படி நல்லெண்ணத்துடன் யாரோ பழுதுபார்த்தவை.

எக்செலுக்காக ஒரு சிறு உதவி செய்தேன். 'யூடிஎஃப்-8 வித் பாம்' என்ற வகையில் ஒரு நகலைச் சேமித்தால், கோப்பின் தலையில் மூன்று பைட்டுகள் அடையாளமாகச் சேரும். அதைக் கண்டு எக்செல் சரியாகப் படிக்கும். இதே மூன்று பைட்டுகள் சில நிரல்களை முதல் வரியிலேயே தடுக்கிவிடவும் செய்யும் என்பதால், எல்லாக் கோப்புக்கும் இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

திரையில் தெரியும் மற்ற சில அடையாளங்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் குறியாக்கம் சரி, எழுத்துருதான் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதும். கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், திருத்தி தான் படிக்க முடியாத பைட்டைச் சந்தித்திருக்கிறது. உள்ளே மூலம் இன்னும் இருக்கிறது, சேமித்தால் போய்விடும். சதுரமோ கட்டமோ இல்லாமல், நாம் தட்டச்சிடுவது போன்ற சாதாரணக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால்தான் பயப்பட வேண்டும்.

மூன்றாவது கோப்பில் நின்றவை அவைதான்.

அது வயல்களின் பட்டியல். ஆசிரியர் மிகுதியாக உழைத்தது அதற்கே. மேலிருந்து கீழ்வரை கேள்விக்குறிகள். ஒவ்வொரு குறியாக்கத்தையும் போட்டுப் பார்த்தேன். கேள்விக்குறி கேள்விக்குறியாகவே நின்றது. பைட்டுகளை எண்ணாகக் காட்டும் நீட்சியில் பார்த்தபோது எல்லாம் 63, 63, 63. கேள்விக்குறியின் சொந்த எண் அது. அடியில் ஒளிந்திருக்க எதுவும் இல்லை.

என்ன நடந்தது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. 2011-இல் நான் அந்தக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றி, விண்டோஸின் நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன். அன்றைய நோட்பேடு, நாம் வேறு சொல்லாவிட்டால் 'ஆன்சி' என்ற பழைய குறியாக்கத்தில்தான் சேமிக்கும். அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். சொல்லாமலும் செய்யவில்லை. இந்த எழுத்துகள் இழக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரும். அதைப் படிக்காமல் 'ஓகே' அழுத்தியிருக்கிறேன். திரையில் அப்போது தமிழ் நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தது. மூடித் திறந்தால்தான் வேறுபாடு தெரியும். மூடினேன், திறந்து பார்க்கவில்லை. பழையது எதற்கு என்று பாமினி மூலத்தையும் அழித்தேன். முதல் கோப்பு பிழைத்ததற்குக் காரணம், அன்று நேரமாகிவிட்டதால் அதை மாற்றாமல் அப்படியே பென் டிரைவில் போட்டதுதான். என் சோம்பல் காத்தது ஒன்று. என் சுறுசுறுப்பு அழித்தது ஒன்று.

2019 மே மாதம் வந்த விண்டோஸ் புதுப்பிப்பிலிருந்து நோட்பேடு யூடிஎஃப்-8 முறையிலேயே சேமிக்கிறது. இனி இந்த விபத்து குறையும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் இதே 'ஓகே' எத்தனை வீடுகளில், எத்தனை அலுவலகங்களில் அழுத்தப்பட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு வரும் சிக்கல்கள் வேறு, வேர் ஒன்றே. எதிர்வீட்டுப் பையன் கல்லூரியில் பைத்தான் படிக்கிறான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு தாத்தா, ஓட மாட்டேங்குது" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேர்டு ஆவணத்தில் இருந்த நிரலை நகலெடுத்து ஒட்டியிருக்கிறான். நேராக இருக்கவேண்டிய மேற்கோள்குறிகள் அழகுக்காக வளைக்கப்பட்டவையாக இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு எண்கள். இன்னொரு நாள், கோப்பின் பெயரில் பைத்தான் வால் இருந்தும் திருத்தி அதை நிரலாக வண்ணமிட்டுக் காட்டவில்லை. விண்டோஸ் வால்களை மறைத்துவைக்கும் இயல்புடையது. மறைப்பை நீக்கியதும், அந்த வாலுக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று இன்னொரு வால் தொங்கியது. மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுவது என்று அவன் முடிவுகட்டியிருந்தான். நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் கோப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

பழைய தமிழ்க் கோப்புகளுக்குத் திரும்புகிறேன். 2010 ஆணை, இனி எழுதுவதை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு. ஏற்கெனவே எழுதப்பட்டதை யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை முதலில் டிஸ்கியில் இட்டார்கள். பிறகு ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார்கள். எந்தக் குறியாக்கம் என்பதை ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எழுதிவைத்தார்கள். அந்த ஒரு வரியின் அருமை, என் போன்று வாலில்லாக் கோப்பு படைத்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால், இலக்கியத்துக்கு அப்படிக் கவலைப்பட ஆளுண்டு. கூட்டுறவுச் சங்கத் தீர்மானம், கோயில் திருப்பணிக் கணக்கு, பள்ளி ஆண்டுமலர், சிற்றிதழ், ஊர்ப் பெரியவர் ஒருவரின் நினைவுக் குறிப்பு ஆகியவை தட்டச்சு மையங்களின் கழித்த கணினிகளோடு எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

அவற்றைத் தட்டச்சிட்டவர்களுக்கு இன்று வயது அறுபதைக் கடந்துவிட்டது. எந்த ஆண்டில் எந்தக் கடையில் எந்த எழுத்துரு இருந்தது என்பது அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. மாவட்ட நூலகமோ, ஒரு கல்லூரியின் தமிழ்த் துறையோ ஆண்டுக்கு ஒரு நாள் கூப்பிட்டால் போதும். மாணவர்கள் மடிக்கணினியுடன் வரட்டும். நாங்கள் பழைய தட்டுகளுடன் வருகிறோம். எழுத்துருவின் பெயரை நாங்கள் சொன்னால், மாற்றும் வேலையை அவர்கள் ஒரு தேநீர் நேரத்தில் முடித்துவிடுவார்கள். பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று இது.

மூன்றாவது கோப்பின் நிலையை ஆசிரியரின் மகளிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எண்ணெல்லாம் அப்படியே இருக்கே சார்?" என்றார்.

உண்மைதான். எண்கள் பழைய அட்டவணையிலும் உண்டு என்பதால் அவற்றை நோட்பேடு தொடவில்லை. ஒவ்வொரு வரியிலும் புல எண் இருந்தது; ஏக்கர், சென்ட் கணக்கு இருந்தது. பெயர் மட்டும் இல்லை. அந்த இடத்தில், எழுத்துக்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில் கேள்விக்குறிகள். சொல்லிடைவெளிகூட அப்படியே நின்றது. 'தமிழ்' என்ற சொல் ஐந்து கேள்விக்குறிகளாகும் என்று எழுதிக் காட்டினேன். சட்டென்று புரிந்துகொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் புல எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த வயல்களை உழுத குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் வருகிறார். சென்ற வாரம் ஒரு வயலுக்கு அண்ணன் தம்பி இருவர் இரண்டு பெயர் சொல்லியிருக்கிறார்கள். மூத்தவர் 'நாவலடி வயல்' என்கிறார். இளையவர் 'புளியடி வயல்' என்கிறார். மாலையில் என் வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தோம். ஏழு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, பிறகு நான்கு. 'நாவலடி' ஆறுதான் வரும், 'புளியடி' ஏழு. இளையவர் சொன்னதைத் தாளில் எழுதிக்கொண்டோம். அந்தப் பக்கத்தில் இன்னும் முப்பத்தொரு வரிகள் இருக்கின்றன.